ஒப்படைக்க ஒரு நாற்காலி

எனக்கு நாற்காலிகளைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையைத் தாண்டி உள்ளே பிரிகிற தெருவில், சாமியானாவும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிற கடை என்னுடையது. பௌர்ணமி அன்னதானம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கருமாதி என்று என் நாற்காலிகள் போகாத இடமில்லை. நாற்காலியில் உட்கார்ந்ததும் மனிதர்களுக்கு முகம் மாறுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் துறப்பதற்காகவே ஒரு நாற்காலி வாங்கப்பட்டதை ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். அது என் கடைக்கு எதிரே இருக்கிற பள்ளிக்கூடத்தில் நடந்தது.

அது சின்னப் பள்ளிக்கூடம். இரண்டு அறை, ஐந்து வகுப்பு, ஒரே வாத்தியார். அவர் பெயர் கோதண்டராமன். தலைமை ஆசிரியரும் அவர்தான், அவருக்குக் கீழே வேலை பார்க்கிற ஆசிரியரும் அவர்தான். இன்னொரு டீச்சர் மாற்றல் வாங்கிக்கொண்டு போனதிலிருந்து அந்த இடம் காலி. கோதண்டராமன் சார் இந்த உலகத்தில் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுக்கு. இன்னொரு வாத்தியார் வேண்டும். ஒன்றாம் வகுப்புக்கு அவர் 'அ' போட்டுக்கொண்டிருக்கும்போது அடுத்த அறையில் நாலாவதும் ஐந்தாவதும் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். என் மகள் உண்ணாமலை அப்போது மூன்றாவது படித்தாள். அதனால் அந்த ஆசை எனக்கும் இருந்தது.

பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரே நாற்காலி ஒரு தேர்தலின்போது செத்தது. வாக்குச் சாவடிக்கு வந்த அதிகாரி கனத்த உடம்புக்காரர். மாலை வரை தாங்கிய நாற்காலி, பெட்டிக்குச் சீல் வைக்கிற நேரத்தில் கால் முறிந்து உட்கார்ந்துவிட்டது. வேறு நாற்காலி வரவில்லை. சார் தரையில் உட்கார ஆரம்பித்தார். கொஞ்ச நாளில் பிள்ளைகளுக்கு அது பழகிவிட்டது. ஒருத்தன் அவர் முதுகில் சாய்ந்து கணக்குப் போடுவான். ஒன்றாம் வகுப்பு வாண்டு ஒன்று மடியிலேயே தூங்கிவிடும். உண்ணாமலை அவர் தோளில் முகவாயை வைத்துக்கொண்டு கேள்வி கேட்பாள்.

"சார், மலைக்கு முதுகு எந்தப் பக்கம்?"

"ஏம்மா?"

"பெரிய கோயிலு டவுன்ல கீது. அப்ப முகம் அந்தப் பக்கம்தான சார்? நமக்கு முதுகக் காட்டிக்கினு கீதா?"

"தெரியலயே. நடந்து போய்ப் பாக்கலாமா?"

ஒரு சனிக்கிழமை நிஜமாகவே எல்லாப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மலையைச் சுற்றினார். வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் பிள்ளைகள் இதையே கேட்டார்கள். ஒவ்வொருவரும் தங்கள் ஊர்ப் பக்கம்தான் முகம் என்றார்கள். திரும்பி வந்து அன்றைக்கெல்லாம் உண்ணாமலை அதையே பேசிக்கொண்டிருந்தாள். பயப்படாமல் படிக்கிற இடமாக அது இருந்தது என்பதை நான் அப்போது பெரிதாக நினைக்கவில்லை. கையில் இருக்கும்போது யார்தான் நினைக்கிறார்கள்.

அந்த வருஷம் ஜூனில், கலெக்டர் ஆபீஸ் இருக்கிற வேங்கிக்காலில் பள்ளிப் பண்பாட்டு மலர்ச்சி இயக்கம் என்று ஒன்று ஆரம்பித்தார்கள். அதுவரை கொண்டுவந்த கல்விச் சீர்திருத்தம் எதுவுமே பலிக்காததற்குக் காரணத்தை எங்கோ ஒரு குழு கண்டுபிடித்துவிட்டதாம். பாடத்தை மாற்றினார்கள், புத்தகத்தை மாற்றினார்கள், பரீட்சையை மாற்றினார்கள். பள்ளிக்கூடத்தின் பண்பாட்டை மட்டும் மாற்றவில்லை. வாத்தியார் மேலே உட்காருகிறார், பிள்ளை கீழே உட்காருகிறது. அதனால் பயம். பயத்தால் கேள்வி இல்லை. கேள்வி இல்லாததால் கல்வி இல்லை. எனவே நாற்காலியை எடுத்துவிட வேண்டியது. இதில் தப்பு சொல்ல ஒன்றும் இல்லை. நானே நாற்காலிக்காரன், நானே ஒப்புக்கொள்கிறேன்.

இயக்கத்துக்கு மலர்ச்சி ஒருங்கிணைப்பாளர் பரசுராமன். வாத்தியார்களுக்கெல்லாம் அவர் நடத்திய பயிற்சியைப் பற்றிச் சார் வந்து என்னிடம் சொன்னார். மேடையில் பஞ்சு வைத்த நாற்காலி, அதன்மேல் வெள்ளைத் துண்டு, அதன்மேல் பரசுராமன்.

"ஸ்கூல்ல பயம்ன்ற பேச்சே இருக்கக் கூடாது. எந்த ஸ்கூல்லயாவது பயம் இருக்குதுனு தெரிஞ்சிது, அந்த வாத்தியார் தண்ணியில்லாத காட்டுக்குப் போயிடுவாரு. சந்தேகம் இருந்தா தாராளமா கேளுங்க, இது சுதந்திரமான இடம்."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "சார், அஞ்சு வகுப்புக்கு ஒரே வாத்தியாருனா..." என்று ஆரம்பித்ததாம்.

"யாரது? எந்த ஸ்கூல்? எழுந்து நில்லுங்க."

எழுந்து நின்றது நம்ம கோதண்டராமன் சார்தான். மலர்ந்த பள்ளி என்று அறிவிக்கப்படுகிற பள்ளிகளுக்குத்தான் முதலில் ஆசிரியர் கொடுக்கப்படும் என்று பரசுராமன் பதில் சொன்னார். மலர்வதற்கு என்ன வழி என்றால், பள்ளியில் இருக்கிற நாற்காலியை முறைப்படி துறந்து வேங்கிக்கால் கிடங்கில் ஒப்படைக்க வேண்டும்.

சார் சந்தோஷமாகக் கிடங்குக்குப் போனார். "எங்க பள்ளிக்கூடத்துல நாற்காலியே கெடயாதுங்க. நான் ரொம்ப நாளா தரையிலதான் உக்கார்றேன்" என்றார்.

கிடங்குக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இல்லாத நாற்காலிய எப்படி சார் ஒப்படைப்பீங்க?"

மறுநாள் கால் முறிந்த நாற்காலியைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போனார். இந்தத் தடவை விஷயம் பரசுராமன் வரைக்கும் போனது. அவர் நாற்காலியைச் சுற்றி வந்து பார்த்தாராம்.

"இது ஏமாத்து வேலைங்க. உக்கார முடியாத நாற்காலிய விட்டுக் குடுக்கறது தியாகமா? நீங்க தரையில உக்காந்திருந்தது பண்பாடு இல்லங்க, பற்றாக்குறை. ரெண்டுக்கும் வித்தியாசம் கீது. நல்ல நாற்காலில உக்காந்து பழகி, அப்புறம் மனசார எறங்கணும். அதுதான் மாற்றம்."

"நல்ல நாற்காலி இல்லயே சார்."

"நாங்க குடுக்கறோம்."

இப்படியாக நாற்காலியை ஒழிக்கிற இயக்கம் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு புது நாற்காலி கொடுத்தது. அது சாமானிய நாற்காலி இல்லை. தேக்கு, கைப்பிடி வைத்தது, பிரம்புப் பின்னல், முதுகுப் பட்டையில் ஒரு பூ செதுக்கியிருந்தது. ஷேர் ஆட்டோவில் நாற்காலியை உள்ளே வைத்துவிட்டுச் சார் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்து இறங்கினார். துறக்கிற விழா நடக்கும்வரை நாற்காலி உபயோகத்தில் இருக்க வேண்டும், நடுவில் யாராவது வந்து பார்ப்பார்கள் என்று உத்தரவு.

அன்று சாயங்காலம் உண்ணாமலை வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்: "யப்பா, சாருக்குக் கால்ல அடியா?"

"இல்லயே, ஏன்?"

"மேல உக்காந்துக்கினு கீறாரு. கீழயே எறங்கல."

முதல் வாரம் பிள்ளைகள் நாற்காலியைச் சுற்றி நின்றன. சாய முதுகு இல்லை, படுக்க மடி எட்டவில்லை. இரண்டாவது வாரம் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டன. சாருக்கே மேலே உட்கார்ந்தால் குரல் கொஞ்சம் கனத்தது. அதட்டுகிற மனிதர் இல்லை அவர். ஆனாலும் ஒருநாள், "ஏய், அங்க என்னா சத்தம்" என்று கேட்டது என் கடை வரைக்கும் வந்தது. அவர் வாயிலிருந்து 'ஏய்' வந்து நான் கேட்டதே இல்லை. இரண்டாவது வாத்தியார் வரட்டும், எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் இருந்துவிட்டேன்.

நாற்காலித் துறப்பு விழாவுக்கு என் கடையிலிருந்துதான் நாற்காலிகள் போயின. விருந்தினர்கள் உட்கார வேண்டுமல்லவா. பரசுராமன் மைக்கைப் பிடித்தார்.

"நான் படிக்கிறப்ப எங்க வாத்தியாரு செருப்புச் சத்தம் கேட்டா ட்ராயரு நனைஞ்சிடும். அந்தப் பயத்துலதான் ராத்திரி பகலாப் படிச்சேன். அந்தப் பயம் இல்லன்னா இன்னிக்கி உங்க முன்னாடி இந்த நாற்காலில உக்காந்திருக்க மாட்டேன். அப்பேர்ப்பட்ட பயத்த இந்த மண்ணுல இருந்தே ஒழிக்கப் போறோம்!"

கைதட்டினோம். மாலை போட்டிருந்த நாற்காலியிலிருந்து சார் எழுந்து தரையில் உட்கார்ந்தார். போட்டோக்காரர், "சார், ஃபிளாஷ் அடிக்கல, திரும்ப ஏறுங்க" என்றார். ஏறினார், இறங்கினார். மூன்றாவது தடவை இறங்கும்போது பரசுராமன், "மூஞ்சில மகிழ்ச்சி கம்மியா கீது" என்றார். நாலாவது தடவை மகிழ்ச்சியோடு இறங்கினார். நாற்காலி ஜீப்பில் ஏறி வேங்கிக்காலுக்குப் போனது.

அப்புறம் ஆய்வு ஆரம்பித்தது. வாத்தியார் தரையில்தான் உட்காருகிறாரா என்று பார்க்க ஆள் வர வேண்டும். வந்தவர் எங்கே உட்காருவார்? பரசுராமனுக்கு முட்டி வலி. "இல்லன்னா நானும் தரையிலதாங்க" என்று ஒவ்வொரு தடவையும் மறக்காமல் சொல்வார். இரண்டு தடவை என் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். அது அவர் பதவிக்குப் போதவில்லை. மூன்றாவது தடவை ஜீப்பிலிருந்தே ஒரு நாற்காலி இறங்கியது. தேக்கு, கைப்பிடி, முதுகுப் பட்டையில் பூ. ஒரு தடவை பார்த்த நாற்காலியை நான் மறக்கிறவன் இல்லை. எங்கள் பள்ளிக்கூடம் துறந்த நாற்காலியேதான். எந்தப் பள்ளியிலும் நாற்காலி இல்லாமல் போய்விட்டதால், ஆய்வுக்குப் போகிற இடத்துக்கெல்லாம் அதைத் தூக்கிக்கொண்டு போகிறார்களாம்.

பிள்ளைகள் வந்தவரைச் சுதந்திரமாகக் கேள்வி கேட்க வேண்டும் என்பது அடுத்த விதி. உண்ணாமலைக்குச் சொல்லவா வேண்டும். எழுந்து கேட்டுவிட்டாள்.

"சார், மலைக்கு முதுகு எந்தப் பக்கம் சார்?"

பரசுராமன் சாரைத் திரும்பிப் பார்த்தார். "இது எந்தப் பாடத்துல வருது?"

"பாடத்துல வராதுங்க. அதுவா கேக்குது."

"அதுவா கேக்குதுனா? நாளைக்கு மெட்ராஸ்ல இருந்து யாராச்சும் வர்றாங்க, அவங்களயும் இப்படியே கேட்டா? பதில் தெரியாம அவங்க முழிச்சா அது யாருக்கு அசிங்கம்? சுதந்திரத்துக்கும் ஒரு வரைமுறை வேணாமா?"

ஒரு வாரத்தில் சுதந்திரமான கேள்வி வேங்கிக்காலிலிருந்தே வந்து சேர்ந்தது. 'ஐயா, தாங்கள் சிறு வயதில் என்னவாக விரும்பினீர்கள்?' வந்திருப்பவர் அம்மாவாக இருந்தால் 'அம்மா' என்று மாற்றிக்கொள்ளலாம். அது ஆசிரியரின் படைப்பாற்றலுக்கு விடப்பட்டது. பதில் வந்ததும் மலர்க் கைத்தட்டல். இரண்டு கையையும் மொட்டு மாதிரி குவித்து, விரல்களை விரித்து, தலைக்கு மேலே தூக்கி ஒரே ஒரு தட்டு. எல்லோரும் ஒரே நேரத்தில் தட்ட வேண்டும்.

தினமும் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒத்திகை நடந்தது. சத்துணவு ராணியம்மாள், "அடுப்புச் சத்தத்த விட இது ஜாஸ்தியா கீதே" என்று காதைப் பொத்திக்கொள்வார். ஒருநாள் சார் என்னைக் கூப்பிட்டார்.

"வேடியப்பா, உன் கடை நாற்காலி ஒண்ண எடுத்தாந்து போட்டு உக்காருப்பா. பசங்களுக்கு அதிகாரி மாதிரி யாரையாச்சும் பாத்துப் பழகணும்."

உட்கார்ந்தேன். என் மகள் எழுந்து, கைகட்டி, என்னைப் பெற்றவனாகவே பார்க்காமல் கேட்டாள்: "ஐயா, தாங்கள் சிறு வயதில் என்னவாக விரும்பினீர்கள்?"

"தெரியலம்மா" என்றேன். எல்லோரும் மலர்க் கைத்தட்டல் தட்டினார்கள். சாரைப் பார்த்தேன். அவர் கரும்பலகையைத் துடைப்பதுபோலத் திரும்பிக்கொண்டார். பலகையில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

சென்னையிலிருந்து இயக்கத்தின் ஆலோசகர் சந்திரகலா அம்மையார் வந்தார். கேள்வி கேட்கப்பட்டது. அம்மையாருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதுவரைக்கும் என்னை யாரும் இப்படிக் கேட்டதே இல்ல கண்ணுங்களா. நான் சின்ன வயசுல எதுவுமே விரும்பலை. எங்கப்பாதான் விரும்பினார். அவர் சொன்னதைத் தட்டாம செஞ்சேன். அதனாலதான் குழந்தைகளோட விருப்பத்துக்கு மதிப்புக் கொடுக்கணும்னு எல்லாருக்கும் உத்தரவு போட்டிருக்கேன். யாரும் அதைத் தட்டக் கூடாது."

மலர்க் கைத்தட்டல். அங்கேயே எங்கள் பள்ளியை மலர்ந்த பள்ளி என்று அறிவித்தார்கள். சார் இதற்காகத்தானே இத்தனை பாடுபட்டார். கையைக் கட்டிக்கொண்டு முன்னால் போனார்.

"அம்மா, இன்னொரு வாத்தியார் குடுக்கறதா சொல்லியிருக்காங்க. அஞ்சு வகுப்பும் நானே பாக்கறேன். நாலாவது, அஞ்சாவது பசங்க வீணாப் போறாங்கம்மா."

"ஒருத்தரே இவ்வளவு அழகா மலர வச்சிருக்கீங்களே! இன்னொருத்தர் எதுக்கு? இன்னும் மலராத பள்ளிக்கூடம் எவ்வளவு இருக்கு, அங்க கொடுக்கலாம்." அம்மையார் பரசுராமனைத் திரும்பிப் பார்த்தார். "இவரை மாதிரி ஆளை ஒரே பள்ளிக்கூடத்துல வச்சிருக்கறதே அநியாயம் இல்லையா?"

"அநியாயம்தாங்கம்மா" என்றார் பரசுராமன்.

அடுத்த மாதமே அந்த அநியாயம் நீக்கப்பட்டது. கோதண்டராமன் சார் மாவட்ட மலர்ச்சிப் பயிற்றுநராக வேங்கிக்காலுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டார். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்ததற்கு, பணிவு பாராட்டத்தக்கது என்று பதில் வந்தது. கடைசி நாள் என் கடையில் வந்து நின்றார். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை.

"இன்னொரு வாத்தியார்தான்பா கேட்டேன். இருந்தவனயும் எடுத்துட்டாங்க."

டீ சொன்னேன். அது ஆறிப்போகிற வரைக்கும் பள்ளிக்கூடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் பக்கத்து ஊர் டீச்சர் காலையில் வந்து பூட்டைத் திறந்து, பெயர் கூப்பிட்டுவிட்டு, தன் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவார். மிச்ச நேரத்துக்கு ராணியம்மாள்தான் காவல். பாடம் நடக்கவில்லை. ஆனால் ஒத்திகை நடந்தது. பிள்ளைகளுக்கு யாரும் சொல்லாமலே செய்யத் தெரிந்தது அது ஒன்றுதான். உண்ணாமலை வீட்டில் கேள்வி கேட்பதை நிறுத்தியிருந்தாள். முதலில் நிம்மதியாக இருந்தது, அப்புறம் இல்லை. நாங்கள் நாலைந்து பெற்றோர் சேர்ந்து வேங்கிக்காலுக்குப் போனோம்.

"ஸ்கூல்ல வாத்தியாரே இல்லிங்க" என்றேன்.

பரசுராமன் சிரித்தார். "அப்படிச் சொல்லாதீங்க. வாத்தியாரோட ஆதிக்கம் இல்லனு சொல்லுங்க. மாவட்டத்துலயே முழுசா ஆதிக்கம் நீங்குன பள்ளிக்கூடம் உங்களுதுதான். பிள்ளைங்க தாங்களே நடத்துதுங்க. குறை இருந்தா அங்கயே கருத்துப் பெட்டி வச்சிருக்கோம், அதுல போடுங்க."

"பெட்டி பூட்டியே கெடக்குதே?"

"சாவி தலைமை ஆசிரியர்கிட்ட இருக்கும்."

தை மாதம் ஒருநாள் ஜீப் வந்து நின்றது. பின்னாலிருந்து தேக்கு நாற்காலி இறங்கியது. முன்னாலிருந்து கோதண்டராமன் சார் இறங்கினார். சட்டையை உள்ளே விட்டிருந்தார். பரசுராமன் வேறு ஊருக்குப் போயிருப்பதால் ஆய்வுக்கு இவரை அனுப்பியிருக்கிறார்கள். என்னைப் பார்த்துக் கையைத் தூக்கிவிட்டு, செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் உள்ளே ஓடினார். நானும் கடையை அப்படியே விட்டுவிட்டு ஜன்னலண்டை போய் நின்றேன்.

சார் நேராகப் போய்த் தரையில் உட்காரக் குனிந்தார். கேமராவோடு பின்னாலேயே வந்த டிரைவர் பதறிவிட்டார்.

"சார், சார், சேர்ல உக்காருங்க. போட்டோ போகணும். நீங்க கீழ உக்காந்தா வாத்தியாருனு நெனச்சிக்குவாங்க. ஆய்வு பண்ணதாவே ஆவாது, நாளைக்கு ரெண்டு பேருக்கும் மெமோ வரும்."

சார் கொஞ்ச நேரம் அப்படியே பாதி குனிந்து நின்றார். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்தார். பிள்ளைகள் எல்லாம் எழுந்து நின்று, "வணக்கம் ஐயா" என்று இழுத்தார்கள். உண்ணாமலை முன்னால் வந்து கைகட்டினாள்.

"ஐயா, தாங்கள் சிறு வயதில் என்னவாக விரும்பினீர்கள்?"

"உண்ணாமல, நான்தாம்மா. நம்ம சாரு."

"தெரியுது சார்."

"அப்புறம் என்னாம்மா? வேற ஏதாச்சும் கேளேன். மலையப் பத்திக் கேளு. முதுகு எந்தப் பக்கம்னு கேப்பியே."

அவள் டிரைவரைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள், அப்புறம் சாரைப் பார்த்தாள். பயமெல்லாம் இல்லை. தெரியாதவருக்கு வழி சொல்கிற மாதிரி பொறுமையாகத்தான் சொன்னாள்.

"அந்த சேர்ல உக்காந்திருக்கறவங்கள இதத்தான் சார் கேக்கணும். நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க."

சார் நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே இருந்தார். டிரைவர் கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு, "பதில் சொல்லுங்க சார், லைட்டு போவுது" என்றார்.

"வாத்தியாரா ஆகணும்னு நெனச்சேம்மா" என்றார் சார்.

எல்லாப் பிள்ளைகளும் கையைக் குவித்து, விரல்களை விரித்து, தலைக்கு மேலே தூக்கி, ஒரே நேரத்தில் ஒரு தட்டு தட்டினார்கள்.